சர்க்கரை வியாதியும் தலைவிதியும்



சர்க்கரை வியாதி முன்ஜென்ம பாவத்தின் பலன் என்று நம்மில் பலர் இன்னும் நம்புகிறார்கள். பாவம் உடம்பில் எங்கே இருக்கிறது என்று கேட்டால் எவனும் காட்டமாட்டான். வியாதியின் இடத்தையோ வைத்தியர் காட்டிவிடுவார்.

இரைப்பைக்குப் பின்னால் கணையம் என்று ஓர் உறுப்பு இருக்கிறது. அதிலுள்ள சிறுசிறு திட்டுகளிலிருந்து இன்சுலின், குளுக்ககான் என்னும் இரண்டு முக்கியமான சுரப்புகள் இரத்தத்தில் கலக்கின்றன. சோறு தின்றவுடன் இரத்தத்தில் சர்க்கரை ஏறுகிறது. இன்சுலின் அதைத் தசைக்குள் புகவிட்டு, ஈரலிலும் சேமிக்கச் செய்கிறது. பட்டினி கிடந்தால் சர்க்கரை இறங்குகிறது. குளுக்ககான் ஈரலின் சேமிப்பை வெளியே விடச் செய்கிறது. அறுவடையில் பத்தாயத்தை நிரப்புவது ஒன்று. பஞ்சத்தில் திறப்பது மற்றொன்று. இதில் கிரகத்துக்கு என்ன வேலை?

1889-இல் ஸ்டிராஸ்பர்க் நகரில் மின்கோவ்ஸ்கி, வான் மேரிங் என்ற இருவர் ஒரு நாயின் கணையத்தை எடுத்துவிட்டார்கள். நாய்க்குச் சர்க்கரை வியாதி வந்துவிட்டது. அந்த நாய் முன்ஜென்மத்தில் எந்தக் கோயில் சொத்தைத் திருடிற்று?

1921-இல் கனடாவில் டொராண்டோ நகரில் பாண்டிங்கும் பெஸ்டும் கணையத்திலிருந்து சத்தைப் பிரித்தார்கள். 1922 ஜனவரி 11-இல், சாகக்கிடந்த லெனார்ட் தாம்சன் என்னும் 14 வயதுப் பையனுக்கு அதை ஊசி வழியே போட்டார்கள். சரியான குணம் தெரியவில்லை. உடனே சாமிக்கு நேர்ந்துகொண்டார்களா? இல்லை. காலிப் என்பவர் மருந்தைச் சுத்தம் செய்தார். 23-ந் தேதி மறுபடியும் போட்டார்கள், சர்க்கரை இறங்கிற்று. பையன் மேலும் 13 வருஷம் உயிரோடிருந்தான். பிரம்மா எழுதிய எழுத்தை ஊசி அழித்துவிட்டதா, அல்லது எழுத்தே கிடையாதா? யோசியுங்கள்.

அம்மூவரும் அதன் உரிமையைத் தலைக்கு ஒரு டாலருக்குச் சர்வகலாசாலைக்குக் கொடுத்துவிட்டார்கள். வேதத்தைக் கேட்டவன் காதில் ஈயத்தைக் காய்ச்சி ஊற்றச் சொன்னவர்களுடைய அறிவையும் இதையும் ஒப்பிட்டுப் பாருங்கள்.

நிற்க, எல்லோருக்கும் இன்சுலின் அடியோடு இல்லாமற் போவதில்லை. பெரும்பாலோருக்கு அது சுரந்தும் உடம்பு அதற்குச் சரியாக இணங்குவதில்லை. அவர்களில் பலருக்கு உணவுக் கட்டுப்பாடு, நடை, மாத்திரை போதும். ஆனால் கணையம் இன்சுலினே சுரக்காத குழந்தைக்கு, திருநீற்றை நம்பி ஊசியை நிறுத்தினால் அது கொலைக்குச் சமானம். ஊசி போட்டுக்கொண்டு விரதமென்று பட்டினி கிடப்பதும் ஆபத்து. சர்க்கரை அளவுக்குமேல் இறங்கி மயக்கம் வரும், உயிரும் போகலாம்.

ஆகவே தோழர்களே, விதி என்றால் கையைக் கட்டிக்கொண்டு அழ வேண்டியதுதான். காரணம் தெரிந்தால் காரியம் செய்யலாம். உங்கள் வீட்டுப் பிள்ளைக்கு எது வேண்டுமென்று நீங்களே முடிவு செய்யுங்கள்.