அவள் கதையை அவளே சொல்லட்டும்



கதை சொல்லுதல் பாட்டியின் வேலை, கல்வி புகட்டுதல் பள்ளியின் வேலை என்று நாம் பிரித்து வைத்தோம். அப்பிரிவு தவறு என்பதை ஒரு படக்கதை எனக்கு உணர்த்திற்று.

2012 டிசம்பரில் தில்லியில் ஓர் இளம்பெண்ணுக்கு நேர்ந்த கொடுமை நாட்டையே உலுக்கியது. அதன் விளைவாக ராம் தேவினேனி என்பாரும் நண்பர்களும் 2014இல் ‘பிரியாவின் சக்தி’ என்னும் படக்கதையை வெளியிட்டனர். வன்கொடுமைக்கு ஆளான பிரியாவை வீட்டாரும் பழிக்கின்றனர். அவளோ பார்வதியின் துணையால் அச்சத்தை வென்று, புலிமீதேறி ஊர் திரும்புகிறாள். படங்களின்மேல் கைப்பேசியைக் காட்டினால் அவை அசையும். துன்புற்ற பெண்களின் உண்மைக் கதைகளும் விரியும். மெய்ந்நிகர்க் காட்சிக்கு இஃது உடன்பிறந்த கலை.

ஆயினும் கருவியினும் பெரிது, பேசுவோர் யார் என்பது. எழுத்தாளர் அம்பை, நீரா தேசாய், மைத்ரேயி கிருஷ்ணராஜ் ஆகியோர் 1988இல் மும்பையில் நிறுவிய ‘ஸ்பாரோ’ காப்பகம், பெண்களின் வரலாற்றை அவர்தம் குரலிலேயே பதிந்து வைத்திருக்கிறது.

வாய் திறந்தால் பழிப்பதும், வாய் திறந்தும் கேளாதிருப்பதும் ஒரே குறையின் இரு முகங்கள். திண்டுக்கல் சமவெளியின் உழவர் குடியிற் பிறந்த என் தாயார், சாம்பல் கலந்து விதை காக்கும் பக்குவம் அறிந்தவர். பல்லாண்டு பாடம் சொன்ன நான், அதனை ஒருநாளும் கேட்டு எழுதினேனில்லை. அவ்வறிவு அவரோடு போயிற்று.

நேயர்களே, உங்கள் வீட்டு மூதாட்டியார் பேசும்போது குறுக்கிடாதீர்கள். கைப்பேசி உங்களிடம் இருக்கிறது. இன்றே அவர் குரலைப் பதிந்து வையுங்கள்.