வேருக்குள் ஒரு நட்பு

தோட்டத்திலே வாழ்வோர்க்குப் பங்கசு என்றால் பகை என்றே பொருள். 1869ஆம் ஆண்டில் இலங்கையில் தோன்றிய இலைத்துரு நோய் கோப்பிப் பயிரை வீழ்த்தியது. 1946இல் கொப்புள நோய் தேயிலைக் கொழுந்தைப் பற்றியது. இரண்டும் பங்கசின் வேலையே. ஆயினும் பங்கசு யாவும் பகையல்ல. அதனை உணரச் சிவனொளிபாதமலையின் மேற்சரிவை நோக்குதல் வேண்டும்.

இரத்தினபுரியிலிருந்து பலாபத்தலை வழியே ஏறும் யாத்திரிகர், உச்சியை அணுகுகையில் செம்மலர்க் கொத்துகள் தாங்கிய மரங்களைக் காண்பர். சிங்களத்தில் இதற்கு மகா ரத்மல் என்று பெயர். நீலகிரியில் வளரும் இதன் உறவினத்தைக் காட்டுப்பூவரசு என்பர். தாவர நூலார் ரொடொடென்ட்ரன் எனப் பெயரிட்டு, எரிக்கேசியே குடும்பத்தில் வைத்தனர்.

உயர்மலை மண் புளிப்பு மிக்கது. குளிரும் ஈரமும் உடையது. அங்கே விழுந்த இலை எளிதில் மக்குவதில்லை. நைதரசன் அச்சருகினுள்ளேயே சிறைப்பட்டுக் கிடக்கும். களஞ்சியத்தில் நெல் உண்டு, திறவுகோல்தான் இல்லை. அத்திறவுகோல் பங்கசின் கையில் இருக்கிறது.

இக்குடும்பத்துச் செடிகளின் நுனிவேர்கள் மயிரிழை போன்றவை. பருமன் ஏறத்தாழ மில்லிமீற்றரில் பத்தில் ஒரு பங்கே. ஏனைய செடிகளின் வேரில் காணும் வேர்மயிர்கள் இவற்றில் இல்லை. மண்ணிலுள்ள பங்கசு இழை, வேரின் புறத்தோற் கலத்தின் சுவரைத் துளைத்து உட்புகும். ஆனால் உயிருள்ள மென்சவ்வைக் கிழிப்பதில்லை. அச்சவ்வு சூழ்ந்துகொள்ள, நூற்பந்துபோற் சுருண்டு கலத்தை நிரப்பும். வெளியே பரந்த இழைகள் நொதியங்களைச் சுரந்து, சருகின் புரதத்தைச் சிதைத்து, நைதரசனையும் பொசுபரசையும் வேருக்கு ஈயும். மரம் கைம்மாறாக வெல்லத்தை அளிக்கும். சில வாரங்களில் அக்கலம் மடியும். புதிய வேரில் உறவு மீண்டும் தொடங்கும். வேரும் பங்கசும் கூடிய இவ்வகை வாழ்வுக்கு 1885இல் பெயர் சூட்டியவர் ஜெர்மானிய அறிஞர் பிராங்க்.

தேயிலை இக்குடும்பத்தைச் சேர்ந்ததன்று. ஆயினும் அதன் வேருக்கும் வேறுவகைப் பங்கசுத் துணை உண்டு.

அழகுக்கு ஆசைப்பட்டு மலைக்கன்றைப் பிடுங்குவோர், மயிரிழை வேர்களையும் அவற்றின் தோழனையும் மண்ணிலேயே அறுத்துவிடுகின்றனர். கன்று வாடுவதில் வியப்பென்ன? சருகுக்குத் தீயிடுவோர் களஞ்சியத்தையே எரிக்கின்றனர். சிகர வனம் 2010ஆம் ஆண்டு முதல் உலக மரபுரிமையின் ஒரு பகுதி. அன்பர்களே, அங்கே காக்கப்பட வேண்டியது மலர் மட்டுமன்று. காலடியில் மிதிபடும் அக்கருமண்ணுமாகும்.