வாலிபர் கவலையும் எழுத்தும்
(சங்கரன்கோவிலில் நமது சங்கக் கூட்டத்தில் நிகழ்த்திய உபந்நியாசம்)



உடலிற் பிணி கண்டால் கோமதியம்மன் சந்நிதிப் புற்றுமண்ணைப் பூசிக்கொள்ளும் ஊர் நம்முடையது. மனத்திற் காணும் பிணிக்கோ, "எல்லாம் சரியாய்ப் போகும்" என்னும் ஒரு வார்த்தையே நாம் வைத்திருக்கும் மருந்து. தேர்வாணையப் பரீட்சைக்கு மூன்றாம் முறை அமரும் பிள்ளைக்கும், மருத்துவ நுழைவுத் தேர்வின் முடிவை எதிர்நோக்கி உறங்காதிருக்கும் பெண்ணுக்கும் அவ்வார்த்தை என் செய்யும்? இன்னதென்று எடுத்துச் சொல்ல மாட்டாமையினாலேயே அவர்தம் அச்சம் பெருகுகின்றது.

எழுதினால் அவ்வச்சத்திற்கு ஓர் எல்லை ஏற்படும் என்பதே யாம் கூற வந்தது. இது புதுமையன்று. விருத்தாசலத்தை அடுத்த மணவாளநல்லூர்க் கொளஞ்சியப்பர் கோயிலில், குறையுடையோர் அதனைக் காகிதத்தில் மனுவாக எழுதி, முனியப்பர் சந்நிதியில் கட்டிவிட்டு வருகின்றனர். பிராது கட்டுதல் என்பர். தீர்ப்பது தெய்வத்தின் பொறுப்பு; ஆயினும் இன்ன குறை என்று வரையறுத்து எழுதுவதே பாதிப் பாரத்தை இறக்கிவிடுகின்றது என்பது எமது அபிப்பிராயம்.

அமெரிக்கப் பேராசிரியர் ஜேம்ஸ் பென்னிபேக்கர் 1986-ஆம் ஆண்டில் இத்தகைய சோதனையொன்றை வெளியிட்டார். கல்லூரி மாணாக்கர் நாளொன்றுக்கு 15 நிமிஷமாகத் தொடர்ந்து 4 நாள் தம்மை வருத்தியவற்றை எழுதினர். எழுதிய அன்று துயரம் மிகுந்ததேயன்றிக் குறையவில்லை. பின்வந்த மாதங்களிலோ, நிகழ்ச்சியையும் உணர்ச்சியையும் சேர்த்தெழுதினோர் வைத்தியசாலைக்குச் செல்வது, சாமானிய விஷயங்களை எழுதினோரைவிடக் குறைந்திருந்தது. 2011-இல் ராமிரெஸ், பைலாக் என்னும் இருவர், பரீட்சைக்குச் சற்று முன்னர் 10 நிமிஷம் தம் பயத்தை எழுதிய மாணாக்கருள், இயல்பாகவே பரீட்சைக்கு அஞ்சுவோர் நற்பயன் பெற்றதாகத் தெரிவித்தனர். பிற்காலச் சோதனைகளில் பயன் எங்கும் ஒரேயளவாகக் காணப்படவில்லை. செலவோ ஒரு நோட்டுப் புத்தகந்தான்!

ஆனால், எழுதுவது இரகசியமாயிருக்கும் என்று பென்னிபேக்கர் உறுதி கூறியிருந்தார். நம் வீடுகளில் அவ்வுறுதி உண்டா? பிள்ளையின் நோட்டைப் பிரித்து, விருந்தினர் முன் படித்து நகைக்கின்றோம். பெண்ணின் நோட்டென்றால் கேட்கவே வேண்டா. பூட்டுள்ள பெட்டியொன்றைக் கொடுங்கள், சாவியைக் கேளாதீர்கள்.

வாலிபர்களே! எழுதியும் வாரக்கணக்கில் உறக்கமின்றி, உயிரை வெறுக்கும் எண்ணம் தோன்றுமாயின், நோட்டை மட்டும் நம்பியிராதீர்கள். வீட்டாரிடம் சொல்லுங்கள், வைத்தியரிடம் செல்லுங்கள். 2022-இல் இந்திய அரசாங்கம் தொடங்கிய டெலி-மானஸ் சேவையை 14416 என்னும் எண்ணில் இரவும் பகலும் கட்டணமின்றி அழைத்துத் தமிழிலேயே பேசலாம்.

நம் சங்கம் ஆண்டுதோறும் வழங்கும் பாடப்புத்தகங்களுடன் கோடிட்ட நோட்டொன்றையும் சேர்த்து, அதன் முதற்பக்கத்தில் "உரியவரன்றிப் பிறர் திறக்கலாகாது" என்று சங்க முத்திரையுடன் அச்சிட்டுத் தருமாறு காரியதரிசியைக் கேட்டுக்கொள்கின்றோம்.