விளக்கு சொல்வதும் சொல்லாததும்



இன்று ஒரு பழைய காரைப் பற்றி உங்களோடு பேச விரும்புகிறேன். முப்பத்தைந்து ஆண்டுகள் பள்ளியில் பௌதிகம் கற்பித்து ஓய்வு பெற்றவனுக்கும் மோட்டார் காருக்கும் என்ன உறவு என்று நீங்கள் வியக்கலாம். உறவு உண்டு. ஓம் விதியை நீங்கள் பரீட்சைக்காக மனப்பாடம் செய்கிறீர்கள். அந்த விதியை 1827-ஆம் ஆண்டில் நூலாக வெளியிட்ட கியோர்க் ஸைமன் ஓம் என்பாரும் ஜெர்மனியின் கொலோன் நகரில் பள்ளி ஆசிரியராக இருந்தவரே. அவர் கண்ட உண்மை வகுப்பறையோடு நின்றுவிடுவதில்லை. பழைய காரொன்றின் மங்கிய விளக்கிலும், அதன் எச்சரிக்கைக் குறியிலும் அது உயிரோடு இயங்குகிறது.

நான் எடுத்துக்கொள்ளும் கார், அமெரிக்காவின் ஷெவர்லே நிறுவனத்தார் செய்த கார்வெட் என்னும் ஸ்போர்ட்ஸ் கார். முதல் கார்வெட் வெளிவந்தது 1953-இல். அதன் நான்காம் தலைமுறை 1984 முதல் 1996 வரையிலான மாடல்களைக் கொண்டது. அவற்றுள் 1985 முதல் 1989 வரையிலான வண்டிகளை மட்டும் இன்று கருதுவோம். எட்டு உருளைகள் கொண்ட 5.7 லிட்டர் இஞ்சின். அதற்கு வேண்டிய எரிபொருளை அளந்து கொடுக்க ஒரு சிறு கணினி. கோளாறு கண்டால் ஒளிரும் ஓர் எச்சரிக்கை விளக்கு. இவை அதன் முக்கிய அம்சங்கள்.

இந்த வண்டிக்கு மற்றொரு விசேஷமும் உண்டு. இதன் மேலுடல் இரும்புத் தகட்டால் ஆனதன்று. கண்ணாடி நார் கலந்த பிளாஸ்டிக்கால் ஆனது. இதனால் மின்சாரத்துக்கு நேரும் சங்கடத்தைப் பாருங்கள். சாதாரணக் காரில் பாட்டரியின் நேர்முனையிலிருந்து விளக்குக்கு ஒரு கம்பி செல்கிறது. விளக்கைக் கடந்த மின்னோட்டம் வண்டியின் இரும்புடலையே வழியாகக் கொண்டு எதிர்முனைக்குத் திரும்புகிறது. பிளாஸ்டிக் உடலில் மின்சாரம் எவ்வாறு பாயும்? ஆகவே கார்வெட்டில் ஒவ்வொரு விளக்குக்கும், ஒவ்வொரு மோட்டாருக்கும், அடியிலுள்ள உலோகச் சட்டம் வரையில் திரும்பு கம்பி தனியே போட வேண்டியிருக்கிறது. இதைத்தான் எர்த் கம்பி என்று வழங்குகிறோம். பல கம்பிகள் ஒன்றாகச் சேர்ந்து ஒரு போல்ட்டின் கீழ் முடுக்கப்பட்டிருக்கும்.

நாற்பது ஆண்டுக் காலம் ஈரமும், எண்ணெயும், அதிர்வும் அந்தப் போல்ட்டைத் தாக்கினால் என்ன ஆகும்? துருவும் களிம்பும் படியும். கம்பிக்கும் சட்டத்துக்கும் இடையே சிறிதளவு தடை தோன்றும். அந்தச் சிறு தடை செய்யும் தீங்கைக் கணக்கிட்டுப் பார்ப்போம்.

12 வோல்ட்டில் எரியும் 60 வாட் முகப்பு விளக்கு ஒன்று இருப்பதாகக் கொள்வோம். அது 5 ஆம்பியர் எடுக்கும். அதன் தடை 2.4 ஓம். எர்த் முனையில் 0.4 ஓம் தடை சேர்ந்துவிட்டது. இப்போது மொத்தத் தடை 2.8 ஓம், மின்னோட்டம் சுமார் 4.3 ஆம்பியராகக் குறைகிறது. துருப்பிடித்த இணைப்பிலேயே 1.7 வோல்ட் வீணாகிறது. விளக்கிழையின் தடை மாறவில்லை என்று கொண்டால், விளக்குக்குக் கிடைப்பது ஏறத்தாழ 44 வாட். அரை ஓமுக்கும் குறைந்த தடை, விளக்கின் திறனில் நான்கில் ஒரு பங்குக்கு மேல் உண்டுவிட்டது!

சொந்தக்காரர் என்ன செய்கிறார்? புது விளக்கு வாங்கி மாட்டுகிறார்; அதுவும் மங்கலாகவே எரிகிறது. பாட்டரியை மாற்றுகிறார், பயனில்லை. மின்சாரம் போகும் வழியை எல்லாரும் பார்க்கிறார்கள். திரும்பும் வழியை நினைப்பவர் சிலரே.

இதைக் கண்டுபிடிக்க ஒரு வோல்ட்மானி போதும். விளக்கை எரியவிட்டு, மானியின் ஒரு முனையை விளக்கின் எர்த் கம்பியிலும், மறு முனையைப் பாட்டரியின் எதிர்முனையிலும் வையுங்கள். வழி நல்லதாயின் மானி பூஜ்யத்தை ஒட்டி நிற்கும். ஒரு வோல்ட்டோ இரண்டு வோல்ட்டோ காட்டினால், குற்றம் அந்த வழியில்தான் இருக்கிறது. விளக்கு எரியும்போதே இதைச் செய்ய வேண்டும் என்பதை மறவாதீர்கள். ஓம்மானியைக் கொண்டு அளந்தால், அது செலுத்துவது மிக நுண்ணிய மின்னோட்டம். பல இழைகள் அறுந்து ஓரிழை மட்டும் ஒட்டிக்கொண்டிருக்கும் கம்பியும் அந்தச் சோதனையில் தேறிவிடும். பாரம் ஏற்றிய பின்பன்றோ பாலத்தின் பலம் தெரியும்?

இனி எச்சரிக்கை விளக்குக்கு வருவோம். அந்த விளக்கு எரியக் கண்டதும் ஓட்டுபவர் உள்ளம் பதைக்கிறது. ஆனால் அந்த விளக்குக்குப் பேசவும் தெரியும். முன்பலகையின் அடியில் 12 துளைகள் கொண்ட ஓர் இணைப்புப் பெட்டி உண்டு. அதில் ‘ஏ’, ‘பி’ என்னும் இரு துளைகளை மட்டும் ஒரு சிறு கம்பியால் இணைத்து, இஞ்சினை ஓட்டாமல் சாவியை மட்டும் திருப்பினால் விளக்கு கண் சிமிட்டத் தொடங்கும். ஒரு சிமிட்டல், சிறு இடைவெளி, பின் இரண்டு சிமிட்டல். அதாவது 12. இவ்வாறு மூன்று முறை சொல்லும். 12 என்றதும் கோளாறு என்று அஞ்ச வேண்டாம். இஞ்சின் சுழலவில்லை, ஆகவே அதிலிருந்து துடிப்பு வரவில்லை என்பதே அதன் பொருள். வகுப்பில் பெயர் கூப்பிட்டதும் ‘உள்ளேன்’ என்று பையன் சொல்வதைப் போல, கணினி தன் இருப்பைத் தெரிவிக்கிறது. அதன் பிறகே, நினைவில் வைத்திருக்கும் குறைகளை மூன்று மூன்று முறையாகச் சொல்லும்.

15 என்று சொல்லியது என வைத்துக்கொள்வோம். குளிர்விக்கும் நீரின் வெப்பத்தை உணரும் கருவியைச் சார்ந்த எண் அது. உடனே கடைக்கு ஓடி அந்தக் கருவியை வாங்கிவர வேண்டுமா? சற்றுப் பொறுங்கள்.

அக்கருவியின் தடை, வெப்பம் ஏறினால் குறையும் இயல்புடையது. 20 டிகிரி சென்டிகிரேடில் சுமார் 3,500 ஓம். 100 டிகிரியில் சுமார் 177 ஓம். கணினி தன்னுள் இருக்கும் ஒரு தடையின் வழியாக 5 வோல்ட்டை அனுப்பி, கருவியின் முனையில் எவ்வளவு வோல்ட் நிற்கிறது என்று பார்க்கிறது. குறைந்த வோல்ட் என்றால் சூடு. மிகுந்த வோல்ட் என்றால் குளிர். கம்பி அறுந்துவிட்டால் முழு 5 வோல்ட்டும் அப்படியே நிற்கும். வெயில் கொளுத்தும் நாளிலும், இஞ்சின் உறைபனியில் கிடப்பதாகக் கணினி எண்ணும். அந்த நிலையைத்தான் 15 குறிக்கிறது. எதிர்மாறாக, வோல்ட் மிகவும் தாழ்ந்து நின்றால் 14 என்று சொல்லும்.

ஆகவே 15 என்ற எண், ‘இந்தக் கருவி கெட்டது’ என்று சொல்லவில்லை. ‘இந்தச் சுற்றில் வோல்ட் மிகுதியாக நிற்கிறது’ என்று மட்டுமே சொல்கிறது. கருவி கெட்டிருக்கலாம், இணைப்பு கழன்றிருக்கலாம், கம்பி அறுந்திருக்கலாம், அரிதாகக் கணினியே பழுதாகியிருக்கலாம். எது என்று அறிய அழகான வழி ஒன்று உண்டு. கருவியிலிருந்து இணைப்பைக் கழற்றி, இணைப்பின் இரு முனைகளையும் ஒரு கம்பியால் சேர்த்துவிடுங்கள். இஞ்சினை இயக்கிய பின் கணினி 14 என்று மாற்றிச் சொன்னால், கம்பியும் கணினியும் நலமாக உள்ளன, குறை கருவியில். 15-ஐயே பிடித்துக்கொண்டிருந்தால், கருவி நிரபராதி, கம்பியைத் தேடுங்கள். ஒரே சோதனையில் சந்தேகத்தில் பாதி ஒழிந்துவிடுகிறது.

இந்த இடத்தில் என் பிழை ஒன்றைச் சொல்லியாக வேண்டும். நான் ஆசிரியத் தொழிலுக்கு வந்த புதிதில், என் வகுப்பில் ஒரு பையன் கணக்கில் ஓயாமல் தவறு செய்தான். ‘கணக்கு வராதவன்’ என்று முடிவு செய்தேன். மாலை நேரத்தில் தனியாகப் பாடம் சொன்னேன்; கடிந்தும் பேசினேன். பல மாதங்கள் சென்றன. ஒருநாள் அவன் நோட்டையும் கரும்பலகையையும் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டேன். பலகையில் நான் எழுதியிருந்தது 38. அவன் எழுதியிருந்தது 33. அந்த 33-ஐக் கொண்டு அவன் போட்ட கணக்கு முற்றும் சரி! பையனுக்குத் தூரப் பார்வை தெளிவாக இல்லை. அறிவில் குறையில்லை, அறிவுக்குச் செய்தி வரும் வழியில் குறை. மதிப்பெண் என்ற எச்சரிக்கை விளக்கு எரிந்தது உண்மை. அது சொல்லாததை நானாக இட்டு நிரப்பிக்கொண்டேன். மூக்குக் கண்ணாடி அணிந்த பிறகு அவன் நன்றாகத் தேறினான். ஆயினும் அந்த மாதங்களை நான் அவனுக்குத் திருப்பிக் கொடுக்க முடியவில்லை.

காருக்குத் திரும்புவோம். 44 என்றொரு எண் உண்டு. புகைக்குழாயில் உள்ள ஆக்ஸிஜன் உணர்கருவி, கலவையில் எரிபொருள் குறைவு என்று தொடர்ந்து தெரிவிக்கும்போது அது பதிவாகும். நல்ல நிலையில் இக்கருவியின் வோல்ட், சுமார் 0.1-க்கும் 0.9-க்கும் இடையே ஏறி இறங்கிக்கொண்டிருக்கும். அது தாழ்வாகவே நின்றால் பலரும் கருவியைப் பிடுங்கி எறிகிறார்கள். எரிபொருளின் அழுத்தம் குறைந்திருக்கலாம். இஞ்சினுக்குள் வேற்றுக் காற்று கசிந்து புகலாம். கருவிக்கு முன்னே புகைக்குழாயில் ஓட்டை இருக்கலாம். அப்போது கருவி உண்மையையே உரைத்தது. உண்மை சொன்ன தூதனைத் தண்டிப்பது எந்த நீதி?

1996-ஆம் ஆண்டு மாடல்கள் முதல் அமெரிக்கக் கார்களுக்கெல்லாம் ஒரே மாதிரியான 16 முனை இணைப்பும் புதிய குறியீடுகளும் விதிக்கப்பட்டன. பழைய 15-க்கு நிகராக இன்று ‘பி 0118’ என்னும் குறி, கருவியின் திரையில் எழுத்தாகவே தோன்றுகிறது. ஆனால் அதுவும் சொல்வது சுற்றின் நிலையைத்தான். குற்றவாளியின் பெயரை அன்று.

சோதனையில் இறங்குவோர் சில எச்சரிக்கைகளைக் கைக்கொள்ள வேண்டும். முதலில், கண்ட எண்களையெல்லாம் தாளில் குறித்துக்கொள்ளுங்கள்; அதற்குப் பின்பே அழியுங்கள். அழித்து ஓட்டிய பின் மீண்டும் வரும் எண்ணே இன்றைய குறை. வராதது பழைய கதையாக இருக்கக்கூடும். பாட்டரியைக் கழற்றும்போது எதிர்முனையை முதலில் கழற்றுங்கள். நேர்முனையில் வைத்த ஸ்பானர் வண்டியின் சட்டத்தில் பட்டாலும் அப்போது தீப்பொறி எழாது. ப்யூஸ் எரிந்தால் அதே ஆம்பியர் அளவுள்ளதையே போடுங்கள். தடித்த கம்பியைச் சுற்றினால், ப்யூஸுக்குப் பதிலாக வண்டி எரியும். நான் சொன்ன இரு முனைகளைச் சேர்க்கும் சோதனை, தடையின் வழியாக வரும் அந்த 5 வோல்ட் சுற்றுக்கு மட்டுமே பொருந்தும். பாட்டரியின் 12 வோல்ட் கம்பியில் அதைச் செய்யாதீர்கள். 1990 முதல் கார்வெட்டில் ஓட்டுபவரைக் காக்கும் காற்றுப்பை வந்துவிட்டது. அதற்குரிய கம்பிகளில் பயிற்சியில்லாதவர் கை வைத்தலாகாது.

மாணவர்களே, உங்களில் பெரும்பாலோர் கார்வெட் காரை நேரில் காணாமலே இருக்கலாம். அதனால் குறைவில்லை. நாளை நீங்கள் மருத்துவராகலாம், பொறியாளராகலாம், என்னைப் போல ஆசிரியராகலாம். ஏதோ ஒரு விளக்கு உங்கள் முன் எரியும். ஏதோ ஓர் எண் வந்து நிற்கும். அது என்ன சொல்கிறது என்று முதலில் கேளுங்கள். அது என்ன சொல்லவில்லை என்பதையும் கேளுங்கள். இரண்டுக்கும் இடையே உள்ள தூரத்தை, ஊகத்தால் தாண்டாமல், சோதனையால் நடந்து கடவுங்கள்.