உயில் ஒன்று, சொத்து இரண்டு நாட்டில்: எந்தக் கோர்ட்டுக்குப் போவது?

(நமது அறக்கட்டளையின் குடும்ப வழிகாட்டல் கூட்டத்தில் ஆற்றிய உரை)

 

திருப்பூரில் பனியன் தொழில் செய்யும் பல குடும்பங்களில் ஒருவராவது வளைகுடாவிலோ சிங்கப்பூரிலோ மலேசியாவிலோ இருக்கிறார். அவர் அங்கே வஃபாத்தாகிவிட்டால், உயிலைக் கையில் வைத்துக்கொண்டு வீட்டார் முதலில் கேட்பது, "மனுவை அங்கே போடுவதா, இங்கே போடுவதா?" என்பதுதான். இறந்த இடத்தைப் பார்த்து இதை முடிவு செய்யாதீர்கள். ஒவ்வொரு சொத்தும் எந்த நாட்டில் இருக்கிறது என்று முதலில் பட்டியல் எழுதுங்கள்.

ஒரு பழைய வழக்கைச் சொல்கிறேன். பெங்களூர் ராமலிங்க முதலியார் 1942-ல் உயில் எழுதிவைத்து இறந்தார். சொத்துகள் மைசூர் சமஸ்தானத்திலும் சென்னை மாகாணத்திலும் இருந்தன. அன்று சென்னைக் கோர்ட்டுக்கு மைசூர் வெளிநாடு மாதிரி. அவருடைய மகன்களுக்கும், உயிலை நிறைவேற்ற நியமிக்கப்பட்ட அப்துல் வாஜித் முதலானோருக்கும் இரண்டு இடத்திலும் வழக்கு நடந்தது. மைசூர் கோர்ட்டின் தீர்ப்பு சென்னை மாகாணத்து நிலம், கட்டடங்களைக் கட்டுப்படுத்தாது என்று 1962-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது. அதற்குள் இருபது வருடம் போய்விட்டது.

இப்போது நம் வீட்டுக் கணக்குக்கு வருவோம். இங்குள்ள வீடு, காலிமனை, தோட்டம் எல்லாம் இந்தியச் சட்டப்படிதான் போகும். 1925-ஆம் ஆண்டின் இந்திய வாரிசுரிமைச் சட்டத்தில் முஸ்லிம்களின் உயிலுக்கு புரொபேட் கட்டாயமில்லை. தகராறு இல்லையென்றால், இறப்புச் சான்று, உயில், தாசில்தார் தரும் வாரிசுச் சான்றிதழ் இவற்றோடு பட்டா மாறுதலுக்கு மனு செய்யலாம். பேங்க் டெபாசிட், ஷேர்களுக்குக் கோர்ட் தரும் சக்சஷன் சர்டிபிகேட்டைக் கேட்கக்கூடும். அது வேறு, தாசில்தார் சான்றிதழ் வேறு.

வெளிநாட்டுச் சொத்துக்கு அந்த நாட்டு உத்தரவு வேண்டும். அமீரகத்தில் மரணச் செய்தி தெரிந்ததும் பேங்க் கணக்கை நிறுத்திவைப்பார்கள்; வாரிசுகள் யார் என்று அங்குள்ள கோர்ட் உறுதி செய்த பிறகே பணம் வரும். சிங்கப்பூரில் குடியேறி வாழ்ந்த முஸ்லிமுக்கு, ஷரீஅத் கோர்ட் வாரிசுகளையும் பங்குகளையும் காட்டிச் சான்றிதழ் தரும். சொத்தை நிர்வகிக்கும் அதிகாரத்தைச் சிவில் கோர்ட்டில் வாங்க வேண்டும்.

இரண்டு பக்கமும் சொத்து இருந்தால் என்ன செய்வது? அசல் உயில் ஒன்றுதான். எங்கே கோர்ட் உத்தரவு இல்லாமல் காரியம் நடக்காதோ, அங்கே முதலில் போவதே பெரும்பாலும் நல்லது. அங்கேயே முத்திரையிட்ட நகல்கள் நாலைந்து வாங்கிக்கொள்ளுங்கள். வெளிநாட்டுக் கோர்ட்டில் நிரூபிக்கப்பட்ட உயிலின் சான்றிட்ட நகலை வைத்து இங்கே நிர்வாக உரிமை கேட்க, அதே சட்டத்தின் 228-ஆம் பிரிவு வழி தருகிறது.

இன்னொரு விஷயம். அவர் உயிரோடு இருந்தபோது தம்பிக்கோ மச்சானுக்கோ கொடுத்த பவர், வஃபாத்தோடு முடிந்துவிட்டது. அதை வைத்து இடத்தை விற்றால் பின்னால் வழக்குதான் வரும்.

கோர்ட் எதுவானாலும் நம் முறை மாறாது. முதலில் அடக்கச் செலவு, கடன். மனைவிக்குக் கொடுக்காத மஹரும் கடன்தான். பிறகு, மிஞ்சியதில் மூன்றில் ஒரு பங்குக்குள் வஸிய்யத். வாரிசு ஒருவருக்கே எழுதியிருந்தால் மற்ற வாரிசுகளின் சம்மதம் வேண்டும். மீதி ஃபராயிள் சட்டப்படி பங்கு. சகோதரிகளின் பங்கைக் குறைப்பதற்கென்று எந்த நாட்டுக் கோர்ட் வசதி என்று யாரும் தேடக் கூடாது. அந்தக் கணக்கை அல்லாஹ்விடமும் சொல்ல வேண்டியிருக்கும்.

ஆகவே இத்தா முடிவதற்குள் சொத்துப் பட்டியலையும் கடன் பட்டியலையும் எழுதி, எல்லா வாரிசுகளுக்கும் ஒரு நகல் கொடுங்கள். கையெழுத்துப் போடும் முன் இரண்டு நாட்டிலும் ஒரு வக்கீலிடம் கேளுங்கள். வல்ல அல்லாஹ் நம் குடும்பங்களில் ஒற்றுமையை நிலைக்கச் செய்வானாக. ஆமீன்.