பர்கண்டி நாட்டில் ஆறுதலாய் ஒரு பயணம்

பாரிசு மாநகரிலிருந்து தெற்கே லியோன் நகருக்கு இன்று இரண்டு மணி நேரத்திற் போய்ச் சேரலாம். 1981 ஆம் ஆண்டு செப்டெம்பர் மாதத்திலே பிரான்சு தேசத்தார் அதிவேகப் புகைவண்டியை ஓடவிட்டபோது, அதற்கெனத் தனியான இருப்புப் பாதையொன்றை அமைத்தார்கள். மேடு பள்ளம் பாராது நேரே ஓடும் அப்பாதை, வழியிலுள்ள பழைய நகரங்களை நாடுவதில்லை. அதற்கு முன்னர், நூற்றிருபது ஆண்டுகளுக்கு மேலாக, பாரிசிலிருந்து லியோனுக்குச் சென்றவருட் பெரும்பாலோர் டிஷோன் என்னும் நகரைக் கடந்து, உலகப் புகழ் பெற்ற முந்திரிகைத் தோட்டங்களின் ஓரமாகவே போகவேண்டியிருந்தது. இன்று அந்தக் கட்டாயம் இல்லை. அவ்வூர்களிலே வாழ்ந்து நாடோறும் வேலைக்குப் போய் வருவோர் நீங்கலாக, விரும்பியவர் மாத்திரமே பழைய பாதையிற் செல்கின்றனர்.

அவ்வாறு விரும்பிச் செல்லும் இருவரை மனத்தில் வைத்துக்கொள்ளலாம். மணமாகிப் பல்லாண்டு கழிந்த ஒரு கணவனும் மனைவியும். பிள்ளைகளை வளர்த்து ஆளாக்குவதிலும், வீட்டுக் கடனை அடைப்பதிலும் வாழ்நாளின் நடுப்பகுதி போய்விட்டது. ஒருவரோடொருவர் பேசியதெல்லாம் சம்பளத்தைப் பற்றியும் பள்ளிக்கூடத்தைப் பற்றியும் மருந்தைப் பற்றியுமே. இத்தகையோர் உலகில் எந்த நாட்டிலும் உளர். யாழ்ப்பாணத்துப் பேச்சிலே ‘ஆறுதலாக’ என்றால் அவசரமின்றி என்று பொருள். மனம் ஆறுதல் பெறுவது என்னும் பொருளும் அச்சொல்லுக்கே உண்டு. இவ்விருவரும் தேடிப் போவது அச்சொல்லின் இரு பொருளையுந்தான்.

பாரிசிலே பேர்சி என்னும் நிலையத்திலிருந்து டிஷோன் நகருக்குப் பிராந்தியப் புகைவண்டிகள் புறப்படுகின்றன. ஏறக்குறைய 315 கிலோமீற்றர் தூரத்தை அவை கடக்க மூன்று மணி நேரமாகும். அதிவேக வண்டிக்கு அதிற் பாதி நேரம் போதும். ஆயினும் பாதி நேரத்திற் போகிறவர் யோன் ஆற்றுப் பள்ளத்தாக்கைக் காணமாட்டார். அப்பள்ளத்தாக்கிலே பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரையும் முந்திரிகை பரவலாகப் பயிராகியது. பாரிசு நகரத்துத் தொழிலாளர் அருந்திய மலிவான வைன் பெரும்பாலும் இத்தகைய அயற் பிரதேசங்களிலிருந்தே சென்றது. புகைவண்டி வந்தது, வெயில் மிகுந்த தென்பிரான்சிலே இன்னும் மலிவாக விளைந்த வைன் பீப்பாய் பீப்பாயாகப் பாரிசுக்கு வந்து இறங்கியது. பின்பு நோயும் சேர்ந்துகொண்டது. இன்று அவ்வழியிலே கண்ணுக்குத் தெரிவன பெரும்பாலும் கோதுமை வயல்களே. ஓர் ஊரை வாழவைத்த இருப்புப் பாதை வேறோர் ஊரின் பிழைப்பைக் கெடுத்தது என்பதைச் சன்னலோரத்திலிருந்தே கண்டுகொள்ளலாம்.

டிஷோனை நெருங்கும்போது வண்டி நான்கு கிலோமீற்றர் நீளமான பிளேசி சுரங்கத்தினுட் புகுகின்றது. 1851 இல் திறக்கப்பட்ட சுரங்கம் அது. அதற்கு வடக்கே பெய்யும் மழை சேன் நதியிற் சேர்ந்து ஆங்கிலக் கால்வாயை அடையும். தெற்கே பெய்யும் மழை சோன், றோன் நதிகளின் வழியாக மத்தியதரைக் கடலை அடையும். இருட்டிலே ஐந்து நிமிடத்திற்குள் கடந்துவிடுவது ஒரு நாட்டின் நீர்பிரி மேடாகும்.

டிஷோன், பர்கண்டிக் கோமக்கள் கொலுவிருந்த நகரம். கடுகுக் குழம்புக்கும் இஞ்சி முதலிய சரக்குகள் சேர்ந்த தேன் அப்பத்துக்கும் பெயர் பெற்றது. கோமகன் பிலிப்பு 1395 இலே ஒரு கட்டளை பிறப்பித்தான்: மிகுதியாகக் காய்த்துத் தரங்குறைந்த வைனைத் தரும் கமே என்னும் முந்திரிகையினத்தைத் தன் நாட்டினின்றும் அகற்றவேண்டும் என்பது அது. அன்று தொடங்கி அந்நாட்டார் அளவிலும் தரத்தையே பெரிதாக மதித்தனர் என்று கூறினால் அது சிறிது மிகைதான்; கட்டளையைப் பலர் மீறினர். ஆனாலும் இன்று அச்சரிவிலே சிவப்பு வைனுக்குப் பினோ நுவார், வெள்ளை வைனுக்கு ஷார்டொனே என்னும் இரண்டே இனங்கள் பெரும்பாலும் பயிராவதைப் பார்க்கும்போது பிலிப்பின் எண்ணம் நிறைவேறிற்றென்றே சொல்லவேண்டும்.

டிஷோனிலே உள்ளூர் வண்டிக்கு மாறும் தம்பதியர் வலப்பக்கத்து இருக்கையைப் பிடித்துக்கொள்வது நல்லது. ஆசனத்துக்கு முன்பதிவு வேண்டுவதில்லை. நகரின் புறக்கட்டடங்கள் மறைந்ததும் மேற்கே நீண்டதொரு குன்றுத்தொடர் தெரிகின்றது. அதுவே கோட் டோர். உயரம் அதிகமில்லை, மலைநாட்டைக் கண்ட கண்ணுக்கு அது ஒரு மேடு போலவே தோன்றும். தெற்கு நோக்கி ஏறக்குறைய 50 கிலோமீற்றர் நீளத்துக்கு அது செல்கின்றது. கிழக்கு முகமாகச் சரிந்திருப்பதால் காலை வெயில் முதன்முதலில் அதன்மீதே விழும். சரிவின் உச்சியிலே மண் மெல்லியது, காற்றுங் குளிர்ந்தது. அடியிலே களிமண், ஈரம் மிகுதி. நடுவிலே சுண்ணக்கல்லும் களியும் அளவாகக் கலந்து நீர் வடிந்தோடும் ஒரு பட்டை மண் உண்டு. மிகச் சிறந்த தோட்டங்கள் அப்பட்டையில் அமைந்தவை. சில இடங்களில் ஒரு கிலோமீற்றர் அகலங்கூட இல்லாத நிலம் அது.

இருப்புப் பாதை அச்சரிவின்மேற் செல்லவில்லை. கீழே, சமவெளியோரமாக, மலிவான நிலத்தினூடே செல்கின்றது. அதனாலேதான் பயணிக்குச் சரிவு முழுவதும் விரித்த ஏடு போலத் தெரிகின்றது. உற்றுப் பார்த்தால் அதனுள்ளே கற்சுவர்களும், சிறு வாயில்களும், கல்லால் அடுக்கிய காவற் குடிசைகளும், ஒன்றுக்கொன்று திசைமாறி ஓடும் கொடி வரிசைகளும் புலப்படும். ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு பெயர் உண்டு. அத்துண்டுகளை அந்நாட்டார் கிளிமா என்பர். பெயர் பெற்ற துண்டுகள் 1,247. யுனெஸ்கோ நிறுவனம் 2015 இலே அவற்றை உலக மரபுரிமையாக ஏற்றுக்கொண்டது. ஒரு வாய்க்காலுக்கு இப்பால் விளைந்த வைன் ஒரு விலை, அப்பால் விளைந்தது அதனிலும் பன்மடங்கு விலை. ரொமானே-கொன்ரி என்னும் புகழ்மிக்க தோட்டம் நாலரை ஏக்கர்தான்.

ஷெவ்ரே-ஷாம்பேர்த்தான் என்பது வழியில் வரும் சிறு நிலையங்களுள் ஒன்று. ஊரின் பழைய பெயர் ஷெவ்ரே மாத்திரமே. தனது சிறந்த தோட்டமான ஷாம்பேர்த்தானின் பெயரை 1847 இல் ஊர் தன் பெயரோடு சேர்த்துக்கொண்டது. மருமகளின் செல்வத்தால் மாமியார் பேர் எடுத்தது போல. அயலூர்களும் அவ்வாறே பின்பற்றின. நிலையத்திலிருந்து ஊருக்குச் சிறிது தூரம் நடக்கவேண்டும். அந்த நடையை வாடகைக் காரிலே தீர்த்துக்கொள்பவர் பாதி இன்பத்தை இழந்துவிடுவர். கொடிகள் இடுப்பளவு உயரமே நிற்கின்றன. ஆதலின் இருவர் பேசிக்கொண்டு நடக்க, எங்கும் வானமே தெரிகின்றது.

அடுத்து வூஷோ. 1098 இலே அயலிலுள்ள சித்தோவிற் தோன்றிய துறவி மடத்தார் இங்கே நூற்று இருபத்தைந்து ஏக்கர் நிலத்தைச் சுற்றி மதிலெழுப்பிப் பயிர் செய்தனர். பிரெஞ்சுப் புரட்சியின்போது மடத்தின் சொத்து அரசுடைமையாகி விலைபோயிற்று. பின்னர் அது கைமாறியும், பிள்ளைகளுக்குட் சமமாகப் பங்கிடவேண்டும் என்ற சட்டத்தினாலே துண்டுபட்டும் வந்தது. இன்று அவ்வொரே மதிலுக்குள் ஏறக்குறைய எண்பது உடைமையாளர் இருக்கின்றனர். பரப்புக் கணக்கிலே காணி பங்கிட்டுப் பழகியவர்க்கு இதிலே வியப்பொன்றும் இராது. வியப்பு என்னவெனில், பங்கு எத்துணை சிறிதாயினும் அதைக் கைவிடாது கவாத்துப் பண்ணி, கைகளாலே பழங் கொய்து, தம் பெயரிட்ட போத்தலாக விற்பவர் அங்கே இன்றும் இருக்கின்றனர் என்பதே.

நுவி-சாங்-ஷோர்ஷ் என்னும் ஊருக்குச் சந்திரனிலும் ஒரு பங்குண்டு. ஷூல் வேர்ண் எழுதிய சந்திரப் பயணக் கதையிலே பிரயாணிகள் இவ்வூர் வைனை அருந்துகின்றனர். அதனை நினைவுகூர்ந்து 1971 இல் அப்பொலோ 15 விண்வெளி வீரர் சந்திரனில் ஒரு குழிக்கு இவ்வூரின் பெயரை வைத்தனர்.

மதுவை அறவே விலக்கி வாழும் நேயர் பலருளர். அவர்கள் இப்பயணத்தால் இழப்பது சொற்பமே. அருந்துகின்றவர்க்கும் அங்கே வழக்கம் ஒன்று உண்டு: உணவோடு, சிறிய அளவில், மணத்தை முகர்ந்து, நாவிலே வைத்து நிதானித்த பின்பே விழுங்குவர். ஒரு நாளிலே பத்து நிலவறைகளை ஓடியோடிப் பார்த்து மாலையிலே தள்ளாடும் உல்லாசப் பயணிகளை அவ்வூரார் மரியாதையாகவே நோக்குகின்றனர், மதிப்பதில்லை.

கொடிகள் பழையனவாகத் தோன்றினும், அவற்றின் வேர் அந்நாட்டதன்று. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலே அமெரிக்காவிலிருந்து வந்த பில்லொக்சரா என்னும் சிறு பூச்சி பிரான்சு முழுவதும் முந்திரிகை வேர்களைத் தின்றழித்தது. 1878 இலே அது இச்சரிவிலுள்ள மேர்சோ என்னும் ஊரிற் கண்டுபிடிக்கப்பட்டது. அமெரிக்க முந்திரிகையின் வேருக்கு அப்பூச்சியைத் தாங்கும் வலிமை உண்டு என்று அறிந்து, அவ்வேரின்மீது தம் கொடியை ஒட்டுக்கட்டியே பிரெஞ்சு உழவர் பிழைத்தனர். நோய் வந்த திசையிலிருந்தே மருந்தும் வந்தது.

இப்போதைய கவலை வேறு. போன் நகரிலே முந்திரிகை கொய்யத் தொடங்கிய நாளை 1354 முதலாகப் பதிவேடுகளிலிருந்து ஆராய்ச்சியாளர் திரட்டி 2019 இல் வெளியிட்டனர். ஆறு நூற்றாண்டுகளாகச் சராசரியாகச் செப்டெம்பர் 28 ஆம் நாளளவில் நடந்த கொய்தல், 1988 இன் பின்னர் ஏறக்குறைய பதின்மூன்று நாள் முந்திவிட்டது. கோள் சூடாவதன் சான்றுகளுள் இதுவும் ஒன்று. பழம் விரைந்து முதிர்ந்தால் இனிப்பு ஏறும், புளிப்புக் குறையும். அவ்விரண்டும் அளவறிந்து நிற்பதிலேதான் இவ்வைனின் சிறப்பு முழுவதும் இருக்கின்றது. பொன்னிறமான ஒக்டோபர் இலைகளைக் காண்பதற்காகச் செல்லும் தம்பதியர் முன்பெல்லாம் கொய்தலின் கடைசி நாட்களையுங் கண்டிருப்பர். இன்று அவர்கள் காண்பது பழமில்லாக் கொடிகளையே.

போன் நகரிலே இரவு தங்கவேண்டும். நிலையத்திலிருந்து நடந்தே நகர மதிலுக்குள் நுழையலாம். அங்கே பல வண்ண ஓடுகள் வேய்ந்த கூரையோடு நிற்கும் பெரிய கட்டடம் ஒரு தரும வைத்தியசாலை. பர்கண்டிக் கோமகனின் மந்திரியான நிக்கொலா றோலனும் அவன் மனைவி கிகோன் த சலானும் 1443 இலே அதனை நிறுவினர். நூறாண்டுப் போரும், கொள்ளையரும், பஞ்சமும் அந்நாட்டை வாட்டிய காலம் அது. 1452 ஆம் ஆண்டின் முதல் நாளிலே முதல் நோயாளி வந்து சேர்ந்தார். ஏழை நோயாளரின் மண்டபம் ஐம்பது மீற்றர் அளவு நீளமானது. இருமருங்கும் திரையிட்ட கட்டில்கள் வரிசையாக உள்ளன. 1971 வரை அக்கட்டடத்தில் நோயாளர் இருந்தனர்.

றோலன் நல்லவனென்று யாவரும் கூறவில்லை. வரி வாங்கியும் வழக்குத் தீர்த்தும் பெருஞ்செல்வம் சேர்த்தவன். அத்தனை பேரை ஏழைகளாக்கியவன் அவர்களுக்கொரு வைத்தியசாலை கட்டியது பொருத்தமே என்று பதினோராம் லூயி மன்னன் பரிகாசஞ் செய்ததாக ஒரு கதை வழங்குகின்றது. ஆனால் மண்டபத்துத் தரையோடுகளைக் குனிந்து நோக்கினால், அங்கே கணவன் மனைவி இருவரது பெயரின் முதலெழுத்துக்களும் பின்னிக் கிடக்கின்றன. அருகே ஒரே ஒரு சொல்; அதன் பக்கத்திலே ஒரு நட்சத்திரம். அச்சொல்லின் பொருள் ‘ஒருத்தி’ என்பதாம். தன் வானத்திலே அவள் ஒருத்தியே விண்மீன் என்பது மந்திரியின் கருத்து. அவளோ அவனிலும் இருபத்தேழு வயது இளையவள். அவனுக்கு மூன்றாம் மனைவி. அவன் 1462 இலே மறைந்தபின் வைத்தியசாலையைத் தானே கவனித்துவந்தாள். 1470 இல் இறந்தபோது, நோயாளர் மண்டபத்தின் முடிவிலுள்ள வழிபாட்டிடத்திலே அவளை அடக்கஞ் செய்தனர். றோலனின் உடல் ஓதன் என்னும் வேறோர் ஊரில் அடக்கஞ் செய்யப்பட்டது. ‘ஒருத்தி’ என்று எழுதுவித்தவன் அவள் அருகில் இல்லை. பிரயாணிகளுட் பலர் அழகிய கூரையைப் படம் பிடித்துக்கொண்டு, தரையைப் பாராமலே போய்விடுகின்றனர்.

வைத்தியசாலைக்குப் பலர் நூற்றாண்டுகளாக முந்திரிகைத் தோட்டங்களைத் தருமமாக எழுதி வைத்தனர். அத்தோட்டங்களில் விளையும் வைனை 1859 முதல் பகிரங்க ஏலத்தில் விற்கின்றனர். நவம்பர் மாதத்து மூன்றாம் ஞாயிறன்று அவ்வேலம் நடைபெறும். அந்த வாரத்திலே நகரில் அறை கிடைப்பது அரிது. ஆறுதலை நாடுவோர் அதனைத் தவிர்ப்பதே மேல்.

மறுநாட் காலையிலே போனிலிருந்து தெற்கே மேர்சோ, ஷான்யி வரையும் செல்லலாம். மேர்சோவிலே வெள்ளை வைன் சிறந்தது. ஷான்யியை அடைந்ததும் சரிவு மேற்கே விலகிப் போகின்றது. சிறு நிலையங்களில் எல்லா வண்டியும் நில்லா. ஒன்று தவறினால் அடுத்தது வர ஒன்றிரண்டு மணி நேரமாகலாம். மேடையிலே ஓர் இருக்கை இருக்கும். எதிரே கொடி வரிசைகள் இருக்கும். பேசுவதற்கு, சம்பளமும் மருந்தும் தவிர்ந்த வேறு விடயங்களும் அதற்குள் ஞாபகத்துக்கு வந்திருக்கும். மாலை வண்டியிலே டிஷோனுக்குத் திரும்பும்போது இடப்பக்கத்து இருக்கையில் அமரவேண்டும். சூரியன் அப்பொழுது குன்றின் பின்னே இறங்கிக்கொண்டிருக்கும். காலையிலே ஒளியில் நின்ற சரிவு நிழலில் இருக்கும்.