டின் இறைச்சியும் நம் வீட்டு அடுப்பும்

(உலருணவுப் பொதி வழங்கும் நிகழ்வில், தாய்மார்கள் மத்தியில் சகோதரி ஒருவர் ஆற்றிய உரை)



அன்பின் தாய்மார்களே, சகோதரிகளே!

பொதியில் அரிசி, பருப்போடு இறைச்சி டின்னும் இருக்கிறது. அரிசி தீர்ந்துவிடும்; டின் மட்டும் அலுமாரியில் கிடக்கும். பாதி விலைக்குக் கடையில் கொடுப்பவர்களும் உண்டு. ஹலாலா என்ற சந்தேகம், ஆக்கும் விதம் தெரியாமை, இவ்விரண்டும்தான் காரணம். வளரும் பிள்ளைகளுக்குச் சேர வேண்டிய புரதம் இப்படிக் கைநழுவலாமா?

இந்தோனேசியாவில் ஸகாத் அமைப்புகள் உழ்ஹிய்யா இறைச்சியையே டின்னில் அடைத்து, அனர்த்தம் வரும் ஊர்களுக்கு அனுப்புகின்றன. ஆகவே இது தாழ்வான உணவல்ல.

முதலில் டின்னைத் திருப்பிப் பாருங்கள். 'ஹலால்' என்ற எழுத்து மட்டும் போதாது, சான்று கொடுத்தது யார் என்பதும் வேண்டும். நம் நாட்டில் எச்.ஏ.சி., மலேசியாவில் ஜாகிம், சிங்கப்பூரில் முயிஸ். திகதியையும் பாருங்கள். டின் உப்பியிருந்தாலோ, கசிந்தாலோ ருசி பார்க்கவும் வேண்டாம், வீசிவிடுங்கள். அந்த நஞ்சு உயிரையே பறிக்கலாம்.

அடுத்தது உப்பு. கோர்ன்ட் பீஃபில் உப்பு ஏற்கெனவே அதிகம். இறைச்சி சேர்த்து, ருசி பார்த்த பிறகே உப்பைத் தொடுங்கள். பிரஷர், சிறுநீரக நோய் உள்ள பெரியவர்களுக்கு இதைக் கொடுக்காதீர்கள்.

இனி சமையல். 340 கிராம் டின் ஒன்று ஆறு பேருக்குப் போதும்.

பகல் சோற்றுக்குப் பிரட்டல்: அரைக் கிலோ உருளைக்கிழங்கைச் சிறிதாக வெட்டி அவித்துக்கொள்ளுங்கள். வெங்காயம், பச்சை மிளகாய், கறிவேப்பிலை, ரம்பை வதக்கி, மிளகாய்த்தூள் போட்டு, இறைச்சியை உதிர்த்துச் சேருங்கள். அதிலிருந்தே கொழுப்பு உருகும். எண்ணெய் ஒரு கரண்டி போதும். கடைசியில் கிழங்கைப் போட்டுப் பிரட்டித் தேசிக்காய் பிழியுங்கள். இறைச்சி ஏற்கெனவே வெந்தது என்பதால் ஐந்து நிமிடம் போதும், காஸ் மிச்சம்.

காலைக்கு ரொட்டி: மாவு, தேங்காய்ப்பூ, வெங்காயத்தோடு கால் டின் இறைச்சியைப் பிசைந்து சுடுங்கள். பாடசாலைக்குக் கட்டிக் கொடுக்கலாம், கறி தேவையில்லை.

நோன்புக் கஞ்சி: அரிசி குழைந்து, தேங்காய்ப்பால் விட்ட பின் இரண்டு மேசைக்கரண்டி இறைச்சி சேர்த்தால் போதும்.

மிஞ்சியதைத் திறந்த டின்னிலேயே வைக்காதீர்கள். மூடியுள்ள பாத்திரத்துக்கு மாற்றிப் பிரிஜ்ஜில் வைத்து இரண்டு நாளில் முடியுங்கள். பிரிஜ் இல்லாத வீட்டில் பக்கத்து வீட்டாரோடு ஒரு டின்னைப் பங்கிட்டு அன்றே ஆக்குங்கள். வீண்விரயமும் இல்லை, அண்டை வீட்டார் உரிமையும் நிறைவேறும்.

நம் பிள்ளைகளின் உணவில் அல்லாஹ் பரகத் செய்வானாக. வஸ்ஸலாம்.